பிராட்சைடு: ‘குறுக்குச் சறுக்கு’ வேண்டாம், ‘ஒருக்களிப்பு’ சரிவருமா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய ஸ்பீட்வே (மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயம்) வீரர்களில் ஒரே ஒருவரை மறுபடி மண்தடத்தில் இறக்கலாம் என்றால் யாரை இறக்குவீர்கள் என்ற இழை நீண்டுகொண்டே போகிறது. ஓவே ஃபுண்டின், ஐவன் மாகர், பீட்டர் கிரேவன், டோமாஷ் கோலோப் என்று ஆளுக்கொரு பெயர். பெயர்களில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை. ‘கிரேவன் வளைவில் அழகாகச் சறுக்கினார்’ என்று ஒருவர் எழுத, ‘விழுந்தவர் எப்படி வென்றார்?’ என்று மறுமொழி வந்ததே, அங்குதான் எனக்கு உறுத்துகிறது. கேட்டவர்மேல் தப்பில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று பழகிய காதுக்குச் சறுக்கினார் என்றால் விழுந்தார்தான்.

வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு ஓட்டும் பிராட்சைடு என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்தவை: பக்கச் சறுக்கல், சரிவோட்டம், வால்வீச்சு, குறுக்குச் சறுக்கு. என் வாக்கு கடைசிச் சொல்லுக்கு. சறுக்கல் தானாக நேர்வது. சறுக்கு, சறுக்குமரத்தில் போல, விரும்பிச் செய்வது. ‘குறுக்கு’ வண்டியின் கிடையைக் காட்டிவிடுகிறது. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

– க.

*

க. ஐயா, சொல்லுக்கு முன்னால் அந்த வேலையைக் கழற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர், மெத்தனாலில் ஓடுவது. ஒரே கியர். பிரேக் கிடையாது, பின்பக்கம் சஸ்பென்ஷனும் கிடையாது. எரிபொருள் ஊற்றாமல் குறைந்தது 77 கிலோ இருக்க வேண்டும். நான்கு பேர், நான்கு சுற்று, இடஞ்சுழியாக; அதுதான் ஒரு ஹீட். ஆக எல்லா வளைவும் இடப்பக்கம்தான்.

நேர்தடம் முடியும் இடத்தில் ஆக்சிலேட்டரைக் கண நேரம் தளர்த்தி, உடல் எடையை முன்னாலும் இடப்பக்கமும் கொண்டுவந்து, இரும்புத்தகடு மாட்டிய இடது காலை மண்ணில் இறக்கி, அதே மூச்சில் மறுபடி முறுக்க வேண்டும். பின்சக்கரம் பிடியை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கும். வண்டியின் மூக்கு உள்பக்கம் பார்க்கும், முன்சக்கரம் மட்டும் வலப்பக்கம் திரும்பி நிற்கும். அந்த நொடியிலிருந்து வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் வலது மணிக்கட்டுதான். வேகத்தைக் குறைப்பதும் இதே நிலைதான்: பிரேக் இல்லாத வண்டிக்கு, டயரைப் பக்கவாட்டில் மண்ணில் தேய்ப்பதுதான் பிரேக். வளைவு முடியும்போது எடையைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை நிமிர்த்தினால் டயர் பிடித்துக்கொண்டு நேர்தடத்தில் பாயும்.

கெடுவது இரண்டு விதம். பாதி வளைவில் பயந்துபோய் ஆக்சிலேட்டரை மூடினால் பின்டயர் சட்டென்று மண்ணைக் கவ்வும். வண்டி நிமிர்ந்து வெளிவேலியை நோக்கி ஓடும், இல்லாவிட்டால் ஆளைத் தூக்கி அந்தப் பக்கம் எறியும். குழியில் டயர் கடித்தாலும் இதே கதைதான். அளவுக்கு மீறி முறுக்கினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து வண்டி படுத்துவிடும். இந்த இரண்டாவது கோளாறுக்கு ‘வால்வீச்சு’ கச்சிதம். அதை அங்கே வைத்துக்கொள்வோம்.

‘குறுக்கு’ எனக்கு ஒத்துவரவில்லை. ‘குறுக்கே வந்தார்’ என்றால் அடுத்தவன் வழியை மறித்தார் என்று பொருள். ஸ்பீட்வேயில் அபாயமாக மறித்தால் நடுவர் அந்த ஹீட்டிலிருந்தே விலக்கிவிடுவார். வித்தைக்கும் குற்றத்துக்கும் ஒரே அடைச்சொல் இருந்தால் பந்தய வருணனை எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்.

– செ.

*

செ. அண்ணை சொன்னது சரி. வண்டி பார்க்கிற திசை ஒன்று, போகிற திசை இன்னொன்று. சொல்லில் வரவேண்டியது அதுதான். வண்டி இடப்பக்கம் சாய்ந்துமிருக்கும். இவை இரண்டையும் சேர்த்துச் சொல்லும் ஒரு வினை வீட்டுப் பேச்சிலேயே கிடக்கிறது: ஒருக்களித்தல்.

ஒருக்களித்துப் படுத்தான் என்றால் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறான். கதவை ஒருக்களித்துச் சாத்தினாள் என்றால் கதவு முழுக்க மூடவும் இல்லை, முழுக்கத் திறக்கவும் இல்லை, நிலையோடு ஒரு கோணத்தில் நிற்கிறது. மேலிருந்து படம் எடுத்தால் வளைவில் ஸ்பீட்வே வண்டி தடத்தோடு நிற்கிற கோணமும் அந்தக் கதவின் கோணம்தான். பின்சில்லு கீலிலிருந்து விலகிய கதவுநுனி மாதிரி வெளியே ஒதுங்கியிருக்கும். ரயர் மண்ணை அரைக்கிறதைச் சொல்ல வேறு சொல் இருக்கிறது, சேர்க்கத் தேவையில்லை.

ஆகவே பிராட்சைடு: ஒருக்களிப்பு. வினை: ஒருக்களி. ‘முதல் வளைவுக்குள் ஒருக்களித்து நுழைந்தார்.’ ‘ஒருக்களிப்பு சீக்கிரம் முறிந்தது.’ ‘ஒருக்களிப்புக் கோணம் கூடிப்போனால் வேகம் சாகும்.’ மூன்றும் வாயில் நிற்கின்றன.

– ந.

*

> ஆகவே பிராட்சைடு: ஒருக்களிப்பு.

சொல் இனிமையாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஒரே தயக்கம். ஒருக்களித்தல் என்றதும் பள்ளிகொண்ட பெருமாள் நினைவுக்கு வருகிறார். ஓய்வின் சொல்லைப் பாய்ச்சலுக்குத் தரலாமா? ‘ஒருக்களிப்போட்டம்’ என்று இயக்கத்தைச் சேர்த்துவிட்டால் என்ன?

– க.

*

ஐயா, ஓட்டத்தைச் சேர்த்தால் ஏழு எழுத்தைத் தாண்டும். ஒரு ஹீட் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், அதில் எட்டு வளைவு. எட்டு முறை ‘ஒருக்களிப்போட்டம்’ சொல்வதற்குள் அடுத்த ஹீட்டுக்குத் தொடக்க நாடா இறங்கிவிடும். பெருமாளும் பாம்பின்மேல்தான் படுத்திருக்கிறார், அவ்வளவு ஓய்வான இடமாக எனக்குத் தெரியவில்லை.

சொல்லைப் பழைய வீரர்கள்மேல் வைத்துத் தேய்த்துப் பார்க்கிறேன். அங்கே நின்றால் எங்கும் நிற்கும்.

1923 டிசம்பர் 15-இல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மைட்லண்டில் ஜானி ஹாஸ்கின்ஸ் நடத்திய பந்தயத்திலிருந்துதான் வழக்கமாகக் கதை தொடங்கும். 1928 பிப்ரவரி 19-இல் லண்டனுக்கு அருகே ஹை பீச்சில் இங்கிலாந்து அதைப் பார்த்தது. அன்றைய டக்ளஸ் வண்டி கிடைமட்ட இரட்டை சிலிண்டர், நீளமும் தாழ்வுமானது. அதில் இடது காலைப் பின்னால் இழுபடவிட்டு, நீண்ட ஒருக்களிப்பில், ஏறக்குறைய வளைவு முழுவதும் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு வருவார்கள். 1930-இல் ஜேஏபி எஞ்சின் வந்தது. வண்டி குட்டையாயிற்று, கால் முன்னுக்கு வந்தது, ஒருக்களிப்பு சுருங்கியது. பார்க்க முந்தியது அழகு, நேரக்கணக்கில் பிந்தியது லாபம். பாருங்கள், ‘நீண்ட ஒருக்களிப்பு’, ‘ஒருக்களிப்பு சுருங்கியது’ இரண்டும் விளக்கம் கேட்காமலே நிற்கின்றன. ‘நீண்ட குறுக்குச் சறுக்கு’ என்று எழுதிப் பார்த்தேன், வாழைப்பழத்தோல் மாதிரி இருக்கிறது.

கிரேவன்: 1955, 1962 உலகப் பட்டம். சிறிய உடல், ‘சமநிலை மந்திரவாதி’ என்று பட்டப்பெயர். எடையைப் பத்து அங்குலம் நகர்த்தினால் ஒருக்களிப்பு கூடும் குறையும் என்பதற்கு அவரைவிட நல்ல பாடம் இல்லை. 1963 செப்டம்பரில் எடின்பரோவில் நடந்த விபத்தில் இறந்தார். பாதியில் அறுந்த கணக்கு என்பதால் நான் கூப்பிடுவது அவரைத்தான்.

கோலோப்: 2010 உலகச் சாம்பியன். நாலைந்து ஹீட் ஓடியதும் தளர்மண் வெளிவேலி ஓரம் ஒதுங்கிக் குவியும். உள்தடம் வழவழவென்று ஆகும், வெளியே பிடி இருக்கும், தூரம் கூடுதல். மற்றவர்கள் உள்ளே ஒருக்களித்துத் தேய்ந்துகொண்டிருக்க, இவர் வெளியே ஒருக்களிப்பைச் சீக்கிரம் முடித்து, வேலியை ஒட்டி நிமிர்ந்து பாய்வார். இன்றைய படுக்கைவாட்டு எஞ்சின் வண்டியிலும் உடனே வெல்லக்கூடியவர் அவர்தான் என்பவர்களோடு நான் சண்டைக்கு வரமாட்டேன்.

– மு.

*

மாகரை எல்லாரும் தாண்டிப் போகிறீர்கள். (எழுத்தைப் பார்த்து மாகர் என்கிறோம், அவர் ஊர்க்காரர்கள் மேஜர் என்றுதான் உச்சரிப்பார்கள். கலைச்சொல் குழுவில் இதையும் திருத்திவிடலாம்.) 1968, 69, 70, 72, 77, 79 என்று ஆறு பட்டம். ஒருக்களிப்பில் அவரைவிட அழகானவர்கள் இருந்தார்கள். அவர் பந்தயத்தை வென்றது முதல் முப்பது மீட்டரில். அந்தத் தொடக்கப் பாய்ச்சலுக்கும் சொல் வேண்டும்: ஆங்கிலத்தில் கேட்டிங்.

செயல் இது. தடத்தின் குறுக்கே நாடா கட்டியிருக்கும். நாடா எழுமுன் வண்டி அதைத் தொட்டால் விலக்கு. நான்கு நிற்குமிடங்கள், உள்பக்க ஓரம் எண் ஒன்று, வெளிப்பக்க ஓரம் எண் நான்கு. நிற்கும் இடத்து மண்ணைப் பூட்ஸால் கிளறி, கெட்டியான தரை தட்டுப்படும்வரை தோண்டி, பின்டயரை அங்கே பதிப்பார்கள். எஞ்சினை இரைய விட்டு, கிளட்ச் கடிக்கத் தொடங்கும் புள்ளியில் விரலை நிறுத்தி, நாடாவின் காந்தம் விடும் அசைவைக் கண்ணால் பிடித்து விட வேண்டும். சடாரென்று விட்டால் முன்சக்கரம் வானம் பார்க்கும். மெதுவாக விட்டால் மற்ற மூவரும் முந்திவிடுவார்கள். உடலை முன்சக்கரத்தின்மேல் கவிழ்ப்பது முதலாவதுக்கு மருந்து.

‘வாடிவாசல்’ என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். ரசித்தேன், தள்ளினேன். வாடிவாசலில் ஆள் காத்திருக்க மாடு வெளியே வரும். என் பரிந்துரை: நாடாப் பாய்ச்சல். ‘மேஜரின் நாடாப் பாய்ச்சலுக்கு ஈடில்லை.’

ஆனால் அவரையே வீழ்த்திய கதையும் உண்டு. 1973, போலந்தின் கோஷூவ், ஒரு லட்சத்துக்கும் மேலான கூட்டம். பதினாறு பேர், இருபது ஹீட், ஆளுக்கு ஐந்து ஓட்டம், முதலிடத்துக்கு மூன்று புள்ளி. ஐந்திலும் வென்றால் பதினைந்து. மேஜரும் யெர்ஸி ஷ்சாக்கியலும் பதின்மூன்றில் சமம். முடிவு ஓட்டத்தில் மேஜர் விழுந்தார், ஷ்சாக்கியல் சாம்பியன். அந்த விழுதலைத் தயவுசெய்து யாரும் ‘சறுக்கினார்’ என்று எழுதாதீர்கள்.

– செ.

*

விட்டுக்கொடுத்துவிடுகிறேன். ஒருக்களிப்பு, நாடாப் பாய்ச்சல், வால்வீச்சு மூன்றையும் பட்டியலில் ஏற்றுகிறேன். சொற்பதிவு வரைவு:

ஒருக்களிப்பு (பெ.): ஸ்பீட்வேயில், பின்சக்கரத்தை வேண்டுமென்றே பிடிவிடச் செய்து, ஆக்சிலேட்டரால் அந்நிலையைக் காத்து, வண்டி பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் கோணம் இருக்க வளைவைக் கடத்தல். ‘நனைந்த தடத்தில் ஒருக்களிப்பைச் சிறிதாக வைத்தார்.’

என் ஆள் ஃபுண்டின்தான், ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 1956, 60, 61, 63, 67 ஐந்து பட்டம், 1956 முதல் 1965 வரை ஒவ்வோர் ஆண்டும் முதல் மூவரில் ஒருவர். பத்தாண்டு அந்த மேடையைவிட்டு இறங்காதவரை ஏன் கூப்பிட வேண்டும் என்று கேட்காதீர்கள்.

மிச்சம் ஒன்று. மு. எழுதிய ‘காலைப் பின்னால் இழுபடவிடும்’ பாணிக்குக் ‘காலிழுப்பு’ என்று போடலாமா?

– க.

*

வேண்டாம் ஐயா. இழுப்பு என்றால் வலிப்பு. ‘கால் இழுத்துக்கொண்டது’ என்றால் தைலம் தேடுவார்கள். முன்கால் பாணி, பின்கால் பாணி என்று இணையாக வைத்தால் போதும்.

– செ.

*

பின்கால் மாட்டுக்குத்தானே இருக்கும் அண்ணை?

– ந.