ஜெஃப் பக்லியின் 'கிரேஸ்': எனக்கு மட்டும்தான் பிடிபடலையா?

மொட்டைமாடி: அமெரிக்கப் பாடகர் பக்லியோட ஆல்பம், 1994ல வந்தது. நேத்து ராத்திரி போட்டேன், உண்மையைச் சொல்றேன், ரெண்டாவது பாட்டுலயே தூங்கிட்டேன். ஏன் எல்லாரும் தலைல வெச்சுக் கொண்டாடுறாங்க?

பழைய கேசட்: தம்பி, போன் ஸ்பீக்கர்லயா கேட்டீங்க? ஹெட்போன் மாட்டிட்டு அதுல இருக்கற 'ஹல்லேலூயா' பாட்டைப் போடுங்க. கிட்டாருக்கு முன்னாடி ஒரு பெருமூச்சு வரும். நான் விழுந்தது அந்த இடத்துலதான். பாட்டு கனடாப் பாடகர் லெனர்ட் கோஹன் எழுதினது, ஆனா பக்லி பிடிச்சுக்கிட்டது ஜான் கேல்னு இன்னொரு பாடகர் பாடின வடிவத்தை. இந்த ஆல்பத்துக்கு முன்னாடி நியூயார்க்ல 'ஷினே'ன்னு ஒரு குட்டி காபிக் கடைல ஒத்தை எலக்ட்ரிக் கிட்டாரோட பாடிட்டிருந்தார். அங்க பாகிஸ்தான் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானோட கவ்வாலியை, அதான் சூஃபி பக்திப் பாட்டைக்கூட பாடியிருக்கார்! அது தெரிஞ்சப்புறம்தான் அந்தக் குரல் ஆலாபனை மாதிரி ஏன் இழுபடுதுன்னு எனக்குப் புரிஞ்சது.

டீக்கடை பெஞ்ச்: பக்லி முழுசா முடிச்ச ஒரே ஸ்டுடியோ ஆல்பம் இதுதான். 1997ல மெம்ஃபிஸ்ல ஆத்துல மூழ்கிப் போயிட்டார். வயசு 30.

மொட்டைமாடி: என் ஹெட்போன்ல ஒரு பக்கம் அவுட். தங்கச்சியோடதைப் பிடுங்கிக் கேட்டேன். அண்ணே, பெருமூச்சு கேட்டுச்சு. இப்போ மூணாவது தடவை ஓடுது.