ஆடாத ஆட்டங்களால் முடிந்த பருவம்: 2020 அனுபவங்கள்

பர்க்கன்ஹெட்டிலிருந்து

மெர்சி ஆற்றின் இரு கரைகளிலும் 2020 ஜூன் மாதத்தில் நடந்தவற்றை அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அக்கரையில் லிவர்பூல், இக்கரையில், நான் வசிக்கும் பர்க்கன்ஹெட்டில், அப்போது மூன்றாம் நிலைப் பிரிவான லீக் ஒன்னில் ஆடிக்கொண்டிருந்த டிரான்மியர் ரோவர்ஸ். என் மகனுக்கு லிவர்பூல்தான் எல்லாம். அவர்களின் மைதானமான ஆன்ஃபீல்டில் இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால், வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய டிரான்மியரின் மைதானமான பிரென்டன் பார்க்கின் பக்கம் நான் சாய்ந்துவிட்டேன்.

மார்ச் 12 இரவு ஆர்சனல் பயிற்சியாளர் மிக்கெல் ஆர்டெட்டாவுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. மறுநாள் பிரீமியர் லீக்கும் அதற்குக் கீழுள்ள பிரிவுகளும் நிறுத்தப்பட்டன. அந்நேரத்தில் லிவர்பூல் 25 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. ஒன்பது ஆட்டங்கள் மீதமிருக்க, இரண்டில் வென்றாலே லீக் பட்டத்துக்கான முப்பது ஆண்டுக் காத்திருப்பு முடிந்துவிடும். டிரான்மியரோ கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படும் இடங்களில் ஒன்றான 21ஆம் இடத்தில், தனக்கு நேர் மேலே இருந்த ஏஎஃப்சி விம்பிள்டனை விட மூன்று புள்ளிகள் பின்தங்கியிருந்தது. ஆனால் விம்பிள்டனை விட ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்தது. கடைசி மூன்று ஆட்டங்களிலும் வென்றிருந்தது.

மார்ச் 26 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் லீக் ஒன்னுக்கும் வெகு கீழே உள்ள லீக்குகளின் பருவத்தை அடியோடு செல்லாததாக்க முடிவெடுத்தபோது என் மகன் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. ஆடிய 27 ஆட்டங்களிலும் வென்று, மேல்பிரிவுக்கு ஏறுவதை உறுதிசெய்துவிட்ட ஜெர்சி புல்ஸ் அணியின் கணக்கே அழிக்கப்பட்டதென்றால், லிவர்பூலின் 25 புள்ளிகளுக்கு என்ன உத்தரவாதம் என்பது அவன் கவலை. அது வீண்கவலையாயிற்று. தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் பெரும்பணம் கைவிட்டுப் போகாமலிருக்க மீதமுள்ள 92 ஆட்டங்களையும் ஆடித் தீர்ப்பதே பிரீமியர் லீக் கழகங்களுக்கு வழியாக இருந்தது. வீரர்களுக்கு வாரம் இருமுறை பரிசோதனை செய்யும் வசதியும் அவர்களிடம் இருந்தது. ஜூன் 17 அன்று ஆட்டங்கள் மீண்டும் தொடங்கின. ஜூன் 25 அன்று மான்செஸ்டர் சிட்டி செல்சியிடம் தோற்றதும் லிவர்பூல் சாம்பியனானது. கூட வேண்டாம் என்று எத்தனை முறை கேட்டுக்கொண்டும் ஆன்ஃபீல்டு வாசலில் கூட்டம் திரண்டது. மகனை நான் வீட்டை விட்டு அனுப்பவில்லை. அதற்காக அவன் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

லீக் ஒன் கழகங்களின் நிலை வேறு. அவற்றின் வருவாயில் பெரும்பங்கு வாசலில் விற்கும் நுழைவுச்சீட்டுதான். பார்வையாளர் இல்லாமல் ஆடினால் வரவு இல்லை, பரிசோதனைச் செலவு மட்டும் உண்டு. பல வீரர்களின் ஒப்பந்தமோ ஜூன் 30 உடன் முடிகிறது. ஆகவே ஜூன் 9 அன்று கழகங்கள் வாக்களித்துப் பருவத்தை அத்துடன் முடித்துக்கொண்டன. ஆட்டமொன்றுக்குச் சராசரிப் புள்ளி என்ற கணக்குப்படி இறுதிப் பட்டியல் தீர்மானிக்கப்பட்டது. டிரான்மியர் 34 ஆட்டங்களில் 32 புள்ளி; விம்பிள்டன் 35 ஆட்டங்களில் 35 புள்ளி. எங்களுக்கு 0.94, அவர்களுக்குச் சரியாக 1. அவ்வளவுதான், டிரான்மியர் நான்காம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. இழப்பின் விளிம்பில் நிற்கும் கழகங்களுக்குக் கணக்கில் ஒரு பிழைவரம்பு தர வேண்டும் என்று கழகத் தலைவர் மார்க் பேலியோஸ் முன்வைத்த யோசனை எடுபடவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சிறு வயது முதல் டிரான்மியர் ரசிகர். அன்று மாலை வேலிக்கு அப்பால் நின்று, “தோற்று இறங்கியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், வாக்களித்து இறக்கியதை இன்றுதான் பார்க்கிறேன்” என்றார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நான் வானிலையைப் பற்றிப் பேசினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனெனில் வெளியூர்க்காரர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. லிவர்பூல் மகளிர் அணியும் அந்தப் பருவத்தில் பிரென்டன் பார்க்கையே சொந்த மைதானமாகக் கொண்டிருந்தது. அதே சராசரிக் கணக்கின்படி ஜூன் 5 அன்று, பர்மிங்காமை விட ஒரேயொரு புள்ளி குறைவாக இருந்த அந்த அணியும் இறக்கப்பட்டது. ஒரே மைதானத்தின் இரண்டு அணிகள் ஐந்து நாட்களுக்குள், பந்தைத் தொடாமலே கீழே போயின.

லண்டன் டூட்டிங்கிலிருந்து

அண்ணா எழுதியதை வாசித்த பிறகு, அந்தக் கணக்கால் தப்பிப் பிழைத்த கழகத்தின் ஆதரவாளன் என்ற வகையில் நானும் எழுதத்தான் வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கு வளர்ந்தவன். உதைபந்தாட்டத்தில் எனக்கு ஏஎஃப்சி விம்பிள்டனைத் தவிர வேறு கழகம் இல்லை. எங்களுடைய அணி அந்த ஆண்டு நன்றாக ஆடவில்லை என்பதை மறைக்க விரும்பவில்லை. மீதி ஆட்டங்கள் நடந்திருந்தால் நாங்கள்தான் இறங்கியிருப்போம் என்று என் நண்பர்கள் பலர் நம்பினார்கள். நானும் பாதி நம்பினேன்.

அண்ணா சொன்ன மைதானக் கதைக்கு எங்கள் பக்கத்தில் ஒரு மறுபாதி உண்டு. அப்போது நாங்கள் கிங்ஸ்மெடோ மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தோம். செல்சி மகளிர் அணிக்கும் அதுவே சொந்த மைதானம். மகளிர் லீக்கில் மான்செஸ்டர் சிட்டி 16 ஆட்டங்களில் 40 புள்ளியுடன் முதலிடத்தில் இருந்தது. செல்சி 15 ஆட்டங்களில் 39. சராசரி எடுத்தவுடன் செல்சிக்கு 2.6, சிட்டிக்கு 2.5, கிண்ணம் செல்சிக்குப் போனது. பிரென்டன் பார்க்கில் இரண்டு அணிகளைக் கவிழ்த்த அதே வாய்பாடு கிங்ஸ்மெடோவில் ஒன்றைக் காப்பாற்றி, மற்றொன்றுக்கு முடிசூட்டியது.

அந்த வாய்பாடு பிழையானது என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பட்டியலில் ஒருவர் 34, இன்னொருவர் 36 ஆட்டம் ஆடியிருக்கும்போது, வெறும் புள்ளியை வைத்து முடிப்பதுதான் கூடுதல் அநியாயம். வைகம் வாண்டரர்ஸ் 59 புள்ளியுடன் எட்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது, அதே 59 புள்ளி வைத்திருந்த பீட்டர்பரோ ஆறிலிருந்து ஏழுக்கு இறங்கி, மேல்பிரிவுக்கு ஏறும் கடைசி இடத்தைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களுக்கான வாய்ப்பை இழந்தது. காரணம், வைகம் ஓர் ஆட்டம் குறைவாக ஆடியிருந்ததுதான். ஆனால் வைகம் அதன்பின் பிளே-ஆஃப் ஆட்டங்களைக் களத்தில் ஆடி வென்றே மேலே போனது. அந்த நான்கு கழகங்களுக்கு மட்டும் மைதானம் திறந்தது, டிரான்மியருக்கும் எங்களுக்கும் இடையே ஓர் ஆட்டத்துக்குக்கூடத் திறக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஒவ்வாத விடயம். அதில் நாங்கள் தோற்றிருந்தாலும் பரவாயில்லை என்று இப்போது சொல்வது சுலபம். 2020 ஜூனில் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்கமாட்டேன்.

பாரிஸிலிருந்து

பிரான்சில் முடிவு எடுத்தது கழகங்களல்ல, அரசு. ஏப்ரல் 28 அன்று பிரதமர் எதுவார் பிலிப், அந்தப் பருவம் மீண்டும் தொடங்க முடியாது என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இரண்டு நாளில் லீக் அமைப்பு பாரிஸ் சான் ஜெர்மான் (பிஎஸ்ஜி) கழகத்தைச் சாம்பியனாக்கி, அமியான், துலூஸ் அணிகளை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. அமியானில் பணிபுரியும் என் மைத்துனர் அதைக் கேட்டுக் கொதித்துப்போனார். பத்து ஆட்டங்கள் மீதமிருந்தன, எட்டிப்பிடிக்கும் தூரம் நான்கு புள்ளிகள். ஜூன் 9 அன்று, அதாவது இங்கிலாந்தில் அந்த வாக்கெடுப்பு நடந்த அதே நாளில், நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் இறக்கத்தை நிறுத்திவைத்து, அடுத்த பருவத்தின் அமைப்பை மறுபடியும் ஆராயச் சொன்னது. மைத்துனர் வீட்டில் விருந்தே நடந்தது. மறுபடியும் ஆராய்ந்த கழகங்கள், அந்த இரண்டையும் சேர்த்து 22 ஆக்க வேண்டாம், இருபது அணிகளே போதும் என்று வாக்களித்தன. அமியான் இறங்கிவிட்டது.

பர்க்கன்ஹெட்டிலிருந்து மீண்டும்

டூட்டிங் தம்பியின் நேர்மைக்கு நன்றி. நீங்கள் இருவரும் எழுதியதைச் சேர்த்துப் பார்க்கும்போது, என் மனக்குறை எதில் இருக்கிறது என்பதை இன்னும் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. களத்தில் ஆடி முடித்தால் நியாயம் தானாகக் கிடைத்துவிடும் என்று நான் கருதவில்லை. ஜூன் 17 அன்று பிரீமியர் லீக் மீண்டும் தொடங்கிய முதல் ஆட்டத்திலேயே, ஆஸ்டன் வில்லாவின் கோல்காப்பாளர் பந்தைப் பிடித்தபடி கோல் எல்லைக்கோட்டைத் தாண்டியதை, அதைக் கண்டறியவே பொருத்தப்பட்ட கருவி கவனிக்கவில்லை. ஷெஃபீல்டு யுனைடெடுக்குக் கோல் தரப்படவில்லை, ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பருவ முடிவில் வில்லா 35 புள்ளியுடன் தப்பியது, போர்ன்மவுத் 34 புள்ளியுடன் இறங்கியது. மற்ற முடிவுகள் அப்படியே இருந்து அந்த ஆட்டத்தில் வில்லா தோற்றிருந்தால், கோல் வித்தியாசத்தில் வில்லா இறங்கி போர்ன்மவுத் தப்பியிருக்கும்.

ஆனால் அந்தக் கருவிக்கு வில்லாவும் தெரியாது, போர்ன்மவுத்தும் தெரியாது. ஜூன் 9 அன்று வாக்களித்த ஒவ்வொரு கழகத்தின் முன்னும் புள்ளிப் பட்டியல் விரிந்து கிடந்தது. எந்தக் கணக்கைத் தேர்ந்தால் யார் ஏறுவார், யார் இறங்குவார் என்பது பெயரோடு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பாதியில் நின்றால் எப்படி முடிப்பது என்ற விதியை 2019 ஆகஸ்டிலேயே, எல்லோரும் பூச்சியம் புள்ளியில் நிற்கும்போதே எழுதி வைத்திருந்தால், இதே சராசரிக் கணக்கைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெரியவர் முணுமுணுத்தபடி ஏற்றுக்கொண்டிருப்பார். ஸ்காட்லாந்திலோ நெதர்லாந்திலோ இருந்தவர்கள் யாரேனும் இதை வாசித்தால், ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் கழகம் இறக்கப்பட்டதையும், நெதர்லாந்தின் இரண்டாம் பிரிவில் முதலிடத்தில் இருந்தும் மேலே போக முடியாத கம்பூர் கழகத்தின் கதையையும் எழுதுங்கள்; அங்கே அப்படி ஒரு விதி முன்கூட்டியே இருந்ததா என்று அறிய விரும்புகிறேன்.