குளுக்கோஸ், கீட்டோன்: பச்சைக் குழந்தையின் மூளைக்குள் எப்படிப் போகின்றன?

தேவிபட்டினம் செவிலி:
சர்க்கரை கொஞ்சம் இறங்கினாலும் நிறைமாதக் குழந்தையைக் கீட்டோன் (கொழுப்பிலிருந்து கல்லீரல் செய்யும் எரிபொருள்) தாங்கும் என்கிறார்கள். ரத்த-மூளைத் தடுப்பை அது எப்படிக் கடக்கிறது? சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தைக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

கீழக்கரை பயோகெமிஸ்ட்ரி:
நுண்குழாய்ச் சுவர் செல்கள் இடுக்கில்லாமல் ஒட்டிக் கிடப்பதுதான் தடுப்பு. குளுக்கோஸ் அதில் குளூட்-1 புரதம் வழியாகப் போகிறது, அதற்கு இன்சுலின் வேண்டாம். நியூரானுக்குள் சேர்ப்பது குளூட்-3. கீட்டோனுக்கும் லாக்டேட்டுக்கும் (சர்க்கரை உடைந்து வருவது) எம்.சி.டி-1 என்ற இன்னொரு கடத்திப் புரதம், மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு புரோட்டானும் கூடவே போகும். எலிக்குட்டியில் பால் குடிக்கும் வரை எம்.சி.டி-1 மிகுதி, பால் மறந்ததும் குறைகிறது, குளூட்-1 ஏறுகிறது. எலிப்பால் கொழுப்பு நிறைந்தது, ஆகவே பொருத்தம்தான். அந்த நாள்கணக்கை நம் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள்.

ராமநாதபுரம் குழந்தைகள் பிரிவு:
சிஸ்டர், இரண்டாவது கேள்விக்கு: வாசல் திறந்துதான் இருக்கிறது, சரக்குதான் வரவில்லை. தாயின் சர்க்கரைக்குப் பழகிய குழந்தையின் கணையம் பிறந்த பிறகும் இன்சுலினைக் கொட்டுகிறது. அது சர்க்கரையை இறக்குவதோடு, கொழுப்பு கரைவதையும் கல்லீரல் கீட்டோன் செய்வதையும் நிறுத்திவிடும். குறைமாதக் குழந்தைக்கோ கரைக்கக் கொழுப்பே குறைவு.

முதல் மணி நேரத்துக்குள் சீம்பால். சேனை வைக்கிறோம் என்று சீனித்தண்ணி தொடவிட வேண்டாம். சர்க்கரையும் ஏறாது, தொற்றுதான் மிச்சம். வலிப்போ துவண்ட நிலையோ இருந்தால் 10% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் கரைசல்) கிலோவுக்கு 2 மி.லி. சிரை வழியாக, உடனே அதே கரைசலில் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 6 மி.கி. குளுக்கோஸ் டிரிப்: 3 கிலோ குழந்தைக்கு முதலில் 6 மி.லி., பிறகு மணிக்கு 10.8 மி.லி. டிரிப் இல்லாமல் ஊசியோடு விட்டால் இன்சுலின் எகிறி மறுபடி இறங்கும்.

பாம்பன் லேப்:
குதிகாலில் ஸ்பிரிட் காய்ந்தபின் குத்துங்கள். ஸ்டிரிப் டப்பா மூடியை உடனே மூடுங்கள், உப்புக்காத்து ஈரம் போதும் கெடுக்க. மாதிரியை ராமநாதபுரம் அனுப்பினால் ஐஸில் வையுங்கள். சிவப்பணுக்கள் வழியிலேயே சர்க்கரையைத் தின்னும். சர்க்கரை குறையாமலிருக்க ஃபுளோரைடு போட்ட குழாயும் முதல் ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவாகக் காப்பாற்றாது.

தேவிபட்டினம் செவிலி:
ரத்தச் சர்க்கரை சரி, வலிப்பு மட்டும் அடங்கவில்லை என்றால்?

ராமநாதபுரம் குழந்தைகள் பிரிவு:
காரணம் பல. அதில் ஒன்று குளூட்-1 குறைபாடு, 1991-ல் விவரிக்கப்பட்டது. ரத்தச் சர்க்கரை 90 மி.கி./டெ.லி. இருக்க, சி.எஸ்.எஃப்-ல் (மூளை, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீர்) 35 போல நிற்கும். லாக்டேட்டும் ஏறியிருக்காது (மூளைக்காய்ச்சலில் ஏறும்). முதுகில் ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுங்கள், அழுகையில் சர்க்கரை ஏறி விகிதம் பொய்யாகிவிடும். உறுதியானால் கீட்டோஜெனிக் உணவு (கொழுப்பு மிகுந்து மாவுச்சத்து குறைந்தது), எம்.சி.டி-1 பழுதில்லையே. வலிப்பு மருந்தான ஃபீனோபார்பிட்டோன் குளூட்-1-ஐ இன்னும் அடைக்கும், அதை நீட்டிக்கொண்டே போகக் கூடாது.