பி.எட். பிள்ளைகள் வந்தாச்சு: பள்ளிக்கு லாபமா, தலைவலியா?

சாக்பீஸ்_தூசி:
எங்க அரசு மேல்நிலைப் பள்ளிக்கு இந்த வருஷம் ஆறு பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு வந்திருக்காங்க. என்.சி.டி.இ.யோட (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) 2014 விதிமுறை வந்த பிறகு படிப்பு ரெண்டு வருஷம். இன்டர்ன்ஷிப், அதாவது பள்ளியில வந்து பழகுற பயிற்சி, முதல் வருஷம் 4 வாரம், ரெண்டாம் வருஷம் 16 வாரம். காகிதத்துல அழகா இருக்கு. அவங்க பாதி போர்ஷனை நடத்திட்டுக் கிளம்பினதும் திரும்ப நடத்துறது நான். காலாண்டுத் தேர்வுல மார்க் குறைஞ்சா ஹெச்.எம். கூப்பிடுறதும் என்னைத்தான். முன்னாடி இருந்த 40 நாள் பயிற்சியே போதும்னு சொல்றேன்.

மோல்_கணக்கு:
சார், முதல்ல நடத்த விட்டீங்களா? போன வருஷம் நான் போன பள்ளியில (பேர் வேண்டாம்) முதல் மூணு வாரம் லீவு போட்ட ஆசிரியர்களோட வகுப்பைத்தான் பார்த்துக்கிட்டேன். என் பாடம் வேதியியல். எடுத்தது ஆறாம் வகுப்பு சமூக அறிவியல், பி.இ.டி. (விளையாட்டு) பீரியட், நடுவுல எமிஸ் இணையதளத்துல மாணவர் விவரப் பதிவு. வழிகாட்டி ஆசிரியர் பின் பெஞ்சுல உட்கார்ந்து என் வகுப்பைப் பார்த்தது ரெண்டே தடவை. ஆனா லெசன் பிளான் மொத்தத்துக்கும் ஒரே நாள்ல கையெழுத்து விழுந்துருச்சு!

அந்த ரெண்டுல ஒண்ணு மட்டும் மறக்காது. மெக்னீசிய நாடாவை இடுக்கியில பிடிச்சு எரிக்கப் பார்க்குறேன், பத்தவே இல்ல. பசங்க சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. மேடம் எழுந்து வந்து, ஒண்ணும் பேசாம உப்புத்தாளால நாடாவை நாலு இழுப்பு தேய்ச்சுக் கொடுத்தாங்க. மேல படிஞ்சிருந்த ஆக்சைடு போனதும் பளீர்னு எரிஞ்சுது. கல்லூரியில யாரும் சொல்லித் தராத விஷயம் சார் இது.

ரெக்கார்டு_நோட்டு:
நான் பி.எட். கல்லூரி விரிவுரையாளர். என் பொறுப்புல 22 பேர், ஒன்பது பள்ளி, மூணு தாலுகா. பயணப்படி கிடையாது. சி.இ.ஓ. (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) அனுமதிக் கடிதம் வரவே ரெண்டு வாரம் போயிடும். பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தா ஹெச்.எம். அறையில டீ, ஒரு போட்டோ, அடுத்த பஸ். கல்லூரியும் பள்ளியும் சேர்ந்து ஆசிரியரை உருவாக்குறதுன்னா இதுதானா? மைசூர் ஆர்.ஐ.இ.யை (மண்டலக் கல்வி நிறுவனம், ஆசிரியர் பயிற்சி தர்ற இடம்) பாருங்க. 1963-ல தொடங்கினது, வளாகத்துலயே மாதிரிப் பள்ளி இருக்கு.

சாக்பீஸ்_தூசி:
வளாகப் பள்ளியில பழகினவர் நாளைக்கு ஒரே அறையில மூணு வகுப்பு உட்காரும் ஊருக்குப் போனா என்ன பண்ணுவார்? அடுத்து யாராவது பின்லாந்தை இழுப்பீங்க, தெரியும்.

மோல்_கணக்கு:
இழுக்கத்தான் போறேன். அங்க ஹெல்சின்கி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமா வீக்கிங்கிற பகுதியில பயிற்சிப் பள்ளி இருக்கு. அங்க பயிற்சி மாணவரை உருவாக்குறது ஆசிரியரோட வேலையிலயே ஒரு பகுதி. கட்டடத்தை விடுங்க, இங்க அந்த மேடத்துக்கு என்ன கிடைச்சுது? ஒரு பீரியட் குறைச்சாங்களா? சும்மா செய்யச் சொல்லிட்டு, செய்யலன்னு திட்டுறோம்.

முதல்_போஸ்டிங்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். நீங்க எல்லாரும் இன்டர்ன்ஷிப்போட நிறுத்திட்டீங்க. நான் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாசம். ஒன்பதாம் வகுப்புல எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறுற பிள்ளைங்க ஏழு பேர். படிச்ச கல்லூரிக்குப் போன் பண்ணினேன், "டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸ் பண்ணிட்டல்ல, அப்புறம் என்னம்மா?"ன்னாங்க. ரெக்கார்டு முடிஞ்சதும் உறவும் முடிஞ்சுது.

ரெக்கார்டு_நோட்டு:
அது எங்க தப்புதான், மறுக்கல. ஆனா வேலைக்குப் போனவங்களுக்காக எங்களுக்கு ஒரு மணி நேரம் கூட ஒதுக்கலம்மா. கால அட்டவணையில அப்படி ஒரு கட்டமே இல்ல.

சாக்பீஸ்_தூசி:
16 வாரம் அதிகம்ங்கிறதுல நான் இன்னும் மாறல. இருந்தாலும் திங்கட்கிழமை அந்த ஆறு பேர்ல ஒருத்தரோட வகுப்புல முழு பீரியட் உட்கார்ந்து பார்க்குறேன். மோல்_கணக்கு மேடம், உப்புத்தாள் வாங்கினா எந்தத் தலைப்புல செலவு எழுதுறது?

மோல்_கணக்கு:
அந்த மேடம் சொந்தக் காசுலதான் வாங்கி வச்சிருந்தாங்க சார்.