கூட்டத்தில் வந்த வேகம் செவ்வாய்க்கிழமை இல்லை, வேலையை விட்டுவிடலாமா?

பாதிவிழிப்பு கேட்டது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்", எபேசியர் 5:16தான் எல்லா நாளும். கடைசி நாள் முன்னால் போய் முழங்கால்படியிட்டு, இனிமேல் என் வாழ்க்கையில் ஒரு நிமிஷம்கூட வீணாகாது ஆண்டவரே என்று அழுதுகொண்டே சொன்னேன். அது பொய் இல்லை, அந்த நேரத்தில் உண்மையாகவே சொன்னேன். ஆனால் திங்கட்கிழமை அலுவலகம், மீட்டிங், எக்செல், வீட்டுக்கு வந்தால் குழந்தையின் வீட்டுப்பாடம், செவ்வாய்க்கிழமை பார்த்தால் அந்த நெருப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. ஆத்துமாக்கள் அழிந்துகொண்டிருக்க நான் இங்கே உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்கிறேனே என்று குற்ற உணர்வு. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போய்விடலாமா என்று தீவிரமாக யோசிக்கிறேன். மனைவிக்கு இதில் இன்னும் முழு சம்மதம் இல்லை. (வீட்டில் வேறு பிரச்சினையும் இருக்கிறது. சொத்து விஷயத்தில் அண்ணனோடு பேச்சுவார்த்தை நின்று வெகுநாள் ஆகிறது, அது வேறு கதை.)

அவசரத்தோடும் நோக்கத்தோடும் விசுவாச வாழ்க்கை வாழ்வது என்றால் நடைமுறையில் எப்படி? வசனம் மட்டும் ஒட்டிவிட்டுப் போகாமல் யாராவது சொல்லுங்கள்.

---

பில்மேசை எழுதியது:

பிரதர், லூக்கா 3ஐ எடுத்துப் பாருங்கள். யோவான் ஸ்நானனை விட அவசரமாகப் பேசினவர் யார்? கோடாரி ஏற்கெனவே மரத்தின் வேர் அருகே வைத்தாயிற்று என்கிறார். கேட்டவர்கள் பயந்துபோய் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்கிறார்கள். பதில் என்ன? இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கிறவனிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே. போர்ச்சேவகனிடம், மிரட்டிப் பிடுங்காதே, சம்பளம் போதும் என்றிரு. ஒருவனையும் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலையை அவன் அதுவரை பார்த்த மாதிரி இனி பார்க்க முடியாது.

இன்னொன்று. நாள் முடிவதற்குள் செய் என்று வேதத்தில் கெடு வைத்த காரியங்கள் எவை என்று தேடிப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன் கூலி கொடு (உபாகமம் 24:15). சூரியன் அஸ்தமிக்கிறதற்குள் எரிச்சல் தணியட்டும் (எபேசியர் 4:26). கையில் இருக்கும்போதே அயலானிடம் "நாளைக்கு வா" என்று சொல்லாதே (நீதிமொழிகள் 3:28). பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கிறாயா, சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவு வந்தால் அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு (மத்தேயு 5:23-24). எல்லாமே பக்கத்தில் இருக்கிற மனிதனைப் பற்றி.

நான் பில் பாஸ் பண்ணும் வேலையில் இருக்கிறேன். துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரின் பில் வெள்ளிக்கிழமை மதியம் மேசைக்கு வரும். அதில் வருகைப் பதிவு ஒரு நாள் இடிக்கும். திருப்பி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகலாம், யாரும் ஏனென்று கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தப் பில் அடுத்த வாரம்தான் மறுபடி வரும், கீழே இருக்கிறவர்களுக்குக் கூலியும் அப்போதுதான். உட்கார்ந்து போன் போட்டு அந்த ஒரு நாளைச் சரிசெய்தால் அரை மணி நேரம். எனக்கு எபேசியர் 5:16 நடக்கிற இடம் அதுதான்.

சரி, கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். ஊழியத்தைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதினீர்கள். அண்ணனை ஏன் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள்?

---

நேர்பேச்சு எழுதியது:

மேலே சொன்னது நல்ல பதில்தான், ஆனால் இந்த மாதிரிப் பதிலைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். "என் வேலையே என் ஊழியம்" என்பார்கள், பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இவர் யாரை நம்புகிறார் என்றே தெரியாது. பிரசங்கிக்கிறவன் இல்லாவிட்டால் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று ரோமர் 10 கேட்கிறதே, அதற்கு என்ன பதில்? நேர்மையாகப் பில் பாஸ் பண்ணுகிற நல்ல மனிதர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள்.

சுவிசேஷக் கைப்பிரதியை முகத்தில் திணிக்கச் சொல்லவில்லை. உன் நம்பிக்கைக்குக் காரணம் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இரு என்கிறார் பேதுரு. கேட்கிறார்களா என்பது முதல் கேள்வி. கேட்கும்போது பேச்சை மாற்றாமல் இருக்கிறோமா என்பது அடுத்தது. அப்பாவை இழந்து வேலைக்குத் திரும்பின ஒருவன் "நீங்கள் எல்லாம் செத்தபிறகு என்ன என்று நம்புகிறீர்கள்" என்று டீ குடிக்கும்போது கேட்டால், "எல்லாம் அவர் சித்தம்" என்று முடித்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். பாதிவிழிப்பு, ஆத்துமாக்களைக் குறித்த உங்கள் பாரம் வீண் இல்லை. அதை யாரும் தண்ணீர் ஊற்றி அணைக்க விடாதீர்கள்.

---

தைலக்குப்பி எழுதியது:

தம்பி, நான் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன், படுத்த படுக்கை. புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கணும், ராத்திரியும்தான். முதுகில் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைத்து, அப்புறம் நான் படுப்பேன். உபவாசக் கூட்டத்துக்கெல்லாம் போக முடிகிறதில்லை. "சிஸ்டர் இப்போ ரொம்பக் குளிர்ந்துபோயிட்டாங்க" என்று ஒருத்தர் சொன்னது காதுக்கு வந்தது. வரட்டும்.

மாற்கு 5 படியுங்கள். யவீருவின் மகள் சாகக் கிடக்கிறாள், அதைவிட அவசரம் ஏது? வழியில் பன்னிரண்டு வருஷமாக வியாதியில் கிடந்த பெண் ஒருத்தி தொட்டதற்கு இயேசு நின்றுவிடுகிறார். அவள் குணமாகியும் ஆயிற்று, அப்படியே நடந்திருக்கலாம். நின்று, தேடி, அவள் முழுக் கதையையும் சொல்லவிட்டுக் கேட்கிறார். அதற்குள் பிள்ளை செத்துப்போய்விட்டாள் என்று ஆள் வருகிறது! யவீருவுக்கு அந்த நேரம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. ஆண்டவர் ஒருநாளும் ஓடின மாதிரி சுவிசேஷத்தில் இல்லை, ஆனால் இங்கே இந்த இரண்டு பேரில் யாரையும் தள்ளிவிட்ட மாதிரியும் இல்லை.

நேர்பேச்சு தம்பி சொன்னதும் சரிதான். ஆனால் "ஒரு நிமிஷமும் வீணாகாது" என்று பொருத்தனை பண்ணினால் நம் வீட்டு ஆட்களே நமக்குத் தொந்தரவாகத் தெரிய ஆரம்பிப்பார்கள். அதுதான் எனக்குப் பயம்.

---

பழைய அலமாரி எழுதியது:

சரித்திரத்திலிருந்து இரண்டு விஷயம். 1844 அக்டோபர் 22 அன்று இயேசு வருகிறார் என்று அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றினவர்கள் காத்திருந்தார்கள், சிலர் பயிரைக்கூட அறுக்கவில்லை. 2011 மே 21 என்று அமெரிக்க வானொலிப் பிரசங்கி ஹெரால்ட் கேம்பிங் நாள் குறித்தபோதும் சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு. பவுல் காலத்துத் தெசலோனிக்கேயா சபையிலேயே இந்தக் கூத்து இருந்திருக்கிறது. வேலை செய்யாமல் வீண் அலுவற்காரராய்த் திரிகிறவர்களைப் பவுல் கண்டித்து எழுதுகிறார். தேதி தாண்டியதும் இந்த வகை அவசரம் வடிந்துவிடும்.

இங்கிலாந்து மிஷனரி வில்லியம் கேரியைப் பாருங்கள். 1793இல் இந்தியா வந்தார், அவர் ஊழியத்தில் முதல் இந்தியர் ஞானஸ்நானம் எடுத்தது 1800 டிசம்பரில். 1812இல் செராம்பூர் அச்சுக்கூடம் எரிந்து மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலானபோது மறுபடி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கூட்டத்தில் அழுதது மட்டும் இருந்திருந்தால் ஏழு வருஷம் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

---

பாதிவிழிப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பில்மேசை அண்ணா, அந்தக் கடைசிக் கேள்வி குத்தியது, அதற்கு இங்கே பதில் எழுத முடியாது. ஆனால் என் கேள்வி ஒன்று அப்படியே நிற்கிறது. ஒருவேளை அழைப்பு உண்மையாகவே இருந்தால்? "பொறு, பொறு" என்றே காலம் போய்விடாதா?

---

பில்மேசை எழுதியது:

இருக்கலாம் பிரதர், இல்லை என்று சொல்ல நான் யார். அப்போஸ்தலர் 13ஐப் பாருங்கள். பர்னபாவும் சவுலும் அந்தியோகியாவில் ஏற்கெனவே ஒரு வருஷம் முழுவதும் போதித்தவர்கள். சபை உபவாசித்து ஜெபிக்கும்போது ஆவியானவர் பேசுகிறார், சபை கைவைத்து அனுப்புகிறது. அப்படிப் போன பவுலே பின்னால் கொரிந்துவில் கூடாரம் தைத்திருக்கிறார்.

ஆகவே உங்கள் பாஸ்டரிடமும், உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களுக்குப் பயப்படாத ஒரு மூப்பரிடமும் கேளுங்கள். இப்போதே வாரத்தில் ஒரு மாலை சிறுவர் ஊழியமோ ஆஸ்பத்திரி ஊழியமோ எடுத்துச் செய்யுங்கள். கூட்டமும் பாட்டும் இல்லாத இடத்தில் அந்தப் பாரம் நிற்கிறதா என்று நீங்களும் பார்க்கலாம், மற்றவர்களும் பார்க்கலாம். மனைவி மனதார சரி என்று சொல்லும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். அவர்களுக்குச் சம்மதம் இல்லை என்றால் ஏன் என்று உட்கார்ந்து கேளுங்கள், பிரசங்கம் பண்ணாமல்.