தகவல் தொழில்நுட்பச் செலவில் எது முதலில் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? உங்கள் பல்கலைக்கழக அனுபவங்களைப் பகிரவும்

கணினி மையப் பொறுப்பாளர்:
எங்கள் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பக் குழு, துறைகளிலிருந்து வரும் கோரிக்கைகளுக்குக் கற்பித்தல் பயன், பயனாளர் எண்ணிக்கை, ஆபத்து, செலவு ஆகியவற்றின் அடிப்படையில் மதிப்பெண் இடுகிறது. சட்டப்படி கட்டாயமானவற்றுக்கு மட்டும் மதிப்பெண் தேவையில்லை என்று விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே பெரும்பாலான விண்ணப்பங்கள் 'கட்டாயம்' என்ற கட்டத்தில் குறியிடப்பட்டு வந்தன. வகுப்பறைத் திரைகளை மாற்றுவதுகூடத் தகவல் பாதுகாப்பின் பெயரில் வந்தது. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுத வேண்டும் என்று குழு கேட்கத் தொடங்கியதும், அந்தக் கட்டத்தை நாடுவோர் வெகுவாகக் குறைந்துவிட்டனர். நிறுவனங்களில் தகவல் தொழில்நுட்ப ஆளுகைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ/ஐஇசி 38500, 2008-இல் வெளியானபோது ஆளுகையின் பணிகளாக மதிப்பிடுதல், வழிநடத்துதல், கண்காணித்தல் ஆகிய மூன்றைச் சொன்னது. எங்கள் குழு மதிப்பிடுகிறது. ஒப்புதல் பெற்ற திட்டம் என்னவாயிற்று என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

நிதிப் பிரிவு அலுவலர்:
மேலே சொல்லப்பட்ட மதிப்பெண் முறையில் 'செலவு' என்பது பெரும்பாலும் வாங்கும் விலையாகவே இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒரு துறை, ஆய்வு நல்கையில் உயர்திறன் சர்வர் வாங்கியது. வெளியிலிருந்து வந்த பணம் என்பதால் குழுவின் பார்வைக்கே அது போகவில்லை. நல்கைக் காலமும் உத்தரவாதக் காலமும் ஏறக்குறைய ஒன்றாக முடிந்தபோது, மின்கட்டணம், குளிரூட்டல், பராமரிப்பு ஒப்பந்தம், உரிமப் புதுப்பிப்பு எல்லாம் பொதுநிதியின் தலையில் விழுந்தன. இப்போது எங்கள் படிவத்தில் விலைக்குக் கீழேயே ஐந்தாண்டுத் தொடர்செலவு, அதை ஏற்கும் கணக்குத் தலைப்பு, அத்தலைப்புக்குப் பொறுப்பானவரின் கையொப்பம் ஆகியவற்றுக்கு இடம் விடப்பட்டுள்ளது. அந்தக் கையொப்பத்தைக் கேட்டு வாங்க முடியாமலேயே பல கோரிக்கைகள் நின்றுவிடுகின்றன. (இதனால் நிதிப் பிரிவுக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

இதைவிடக் கடினமானது பழையதை நிறுத்துவது. ஒதுக்கீட்டின் பெரும்பங்கு ஏற்கெனவே இருப்பதை ஓட்டுவதற்கே போய்விடுவதால், எதையாவது நிறுத்தினாலன்றிப் புதியவற்றை வரிசைப்படுத்துவதில் பொருளில்லை. ஆனால் ஒரே ஒரு அலுவலகத்துக்கு ஒரே ஒரு அறிக்கை தேவைப்படுகிறது என்பதற்காகப் பழைய மாணவர் பதிவு மென்பொருள் எங்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. புதியதைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பழையதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எந்த ஆணையிலும் எழுதப்படவில்லை.

பேராசிரியர்:
படிவத்தை நிரப்பும் பக்கத்திலிருந்தும் ஒரு சொல். குழு பருவத்துக்கு ஒரு முறைதான் கூடும் என்றால், ஆய்வுக் கெடு நெருங்கும்போது சொந்த அட்டையில் கிளவுட் சேவை வாங்கிக்கொள்பவர்களைக் குறை சொல்வது எளிதல்ல. ஆனால் மாணவர் தரவு எங்கே போய்ச் சேர்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாமல் போகிறது. எங்களிடம் இப்போது குறிப்பிட்ட தொகைக்குக் கீழே குழுவின் ஒப்புதல் வேண்டியதில்லை. பதிவும், தனிநபர் தரவு குறித்த ஒரு சரிபார்ப்பும் போதும். நிராகரிக்கப்பட்டவை உட்பட எல்லாக் கோரிக்கைகளும் காரணத்தோடு உள்வலையில் வெளியிடப்படுகின்றன. நாங்கள் கேட்டிருந்த கருத்தாய்வு மென்பொருளுக்கு நூலகத்திடம் ஏற்கெனவே உரிமம் இருப்பதை அந்தப் பட்டியலில்தான் கண்டு, கோரிக்கையைத் திரும்பப் பெற்றோம். துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து நேரடியாக வரும் திட்டங்கள் மட்டும் அதில் இதுவரை ஏறவில்லை.