புதுப்பிப்பு: காலை உணவுக்குப் பின் அம்மாவின் சர்க்கரை 240 – மூன்று மாதங்களுக்குப் பிறகு

செல்லூரில் வசிக்கும் என் தாயாருக்கு (வயது 61, இரண்டாம் வகை நீரிழிவு) காலை உணவு உண்டு இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை 240க்குக் குறையவில்லை என்று மார்கழியில் இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

இட்லியை நிறுத்திக் கேழ்வரகுக் கூழ் கொடுக்கும் யோசனையைத்தான் முதலில் பின்பற்றினோம். சர்க்கரை 262 ஆனது. நைசாக அரைத்த மாவைக் கரைத்துக் காய்ச்சினால் அது விரைவில் செரித்துச் சர்க்கரையாகிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். சிறுதானியம் என்ற பெயரே போதும் என நாங்கள் நம்பியது தவறு.

பலித்தது, இட்லியை விடாமல் எண்ணிக்கையையும் வரிசையையும் மாற்றச் சொன்ன யோசனை. ஐந்து இட்லி இரண்டாயிற்று. அதற்கு முன்பாக ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டலும் வெள்ளரிக்காயும், உண்டபின் மொட்டை மாடியில் பதினைந்து நிமிட நடையும் வழக்கமாயின. பத்தே நாட்களில் 175 அளவுக்கு வந்தது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.6இலிருந்து 7.4 ஆகியிருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பதினொரு மணிக்குக் கை நடுங்கி, முந்தானை நனையும் அளவுக்கு வியர்த்தது, சர்க்கரை அளக்கும் கருவியில் 62 என அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். அம்மா உண்ணும் கிளிமிபிரைட் என்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையை உண்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டுமாம். பிறகு அவர் மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார்.

'கருப்பட்டிதானே' என்று மாலையில் குடித்துவந்த பருத்திப்பாலும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். அது இப்போது வாரம் ஒரு முறை, அரை டம்ளர் மட்டுமே. அம்மா இன்னும் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை.